மூன்றாம் நம்பர் மூடி

போன தை மாதம் நம் வகுப்புத் தோழியின் மகன் கல்யாணத்தில் நீங்கள் எல்லோரும் என்னைத் தேடினீர்களாம். குரூப் போட்டோவில் நான் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி வரிசையில், ஃபேனுக்குக் கீழே, ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். யார் அவர், அரை மணி நேரம் அப்படி என்ன பேச்சு என்று வாட்ஸப்பில் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்தி கண்ணடிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தாள். அறுபதை எட்டப்போகிற வயதில் அந்தப் பொம்மை எனக்குக் கிடைத்ததே பெரிய மரியாதை. பதில் கொஞ்சம் நீளம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஷெட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கும்மிடிப்பூண்டியில், பெரிய ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்டது. இப்போது அந்த இடத்தில் ஃபேக்டரிப் பையன்களுக்குச் சப்பாத்தி போடும் ஓட்டல் இருக்கிறது. நான் அங்கே ஒரு தரம் சாப்பிட்டேன். கல்லாப்பெட்டி இருக்கும் இடத்தில்தான் இன்ஜின் தூக்கும் செயின் தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், ஊருக்கு அவர் மேஸ்திரி. ஷெட்டில் வேலைக்கு இருந்தது ஒரே ஆள். அவரை நான் ஃபிட்டர் அண்ணன் என்பேன். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவருடைய அப்பா அம்மா நம் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மண்வெட்டியை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்த முதல் ஆள் அவர்தான்.

உங்களில் இரண்டு பேருக்கு நான் பேரிங் கொடுத்திருக்கிறேன். மறந்திருப்பீர்கள். வளையலைப் பாதியாக உடைத்த மாதிரி, அகலமாக, உள்பக்கம் மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும். தேய்ந்து கழித்துப் போட்டவை. இரண்டைச் சேர்த்துப் பிடித்து முழு வளையமாக்கி, அதன் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சர் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். என் பிஸ்கட் டின் நிறைய அவை இருந்தன. டின் எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

இன்ஜின் பக்கமே போகாதவர்களுக்காக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. பிஸ்டன் மேலும் கீழும் போகும், கீழே கிராங்க் சுற்றும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது கனெக்டிங் ராடு. நாலு பிஸ்டனுக்கு நாலு ராடு. ராடின் அடிப்பக்கம் அரை வட்டமாக இருக்கும். மீதி அரை வட்டம் தனி மூடியாக வந்து இரண்டு போல்ட்டில் இறுகும். அந்த வட்டத்துக்குள்தான் பேரிங் பாதி பாதியாக உட்காரும். ராடையும் அதன் மூடியையும் ஒன்றாக இறுக்கி வைத்துத்தான் துளையையே கடைந்திருப்பார்கள். ஆகவே ஒரு ராடின் மூடி இன்னொரு ராடுக்குச் சேராது. ஆனால் பார்வைக்கு நாலு மூடியும் ஒரே அச்சு. வில்லங்கம் அதில்தான்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், நவராத்திரிக்கு முன்னால், ஒரு கறுப்பு டாக்சி ஷெட்டுக்கு வந்தது. வேகம் எடுத்தால் உள்ளே யாரோ உலக்கை போடுகிற சத்தம். நைனா பானெட்டைத் திறக்காமலே கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். இன்ஜினை இறக்கினார்கள். கிராங்க் சென்னைக்குக் கடைசலுக்குப் போனது. டாக்சிக்காரருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். ஐப்பசியில் ஒரு கல்யாணக் கோஷ்டியைப் பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்துகொள்வார். இன்ஜின் தரையில் பிரிந்து கிடக்கும்போதும் கார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

ஃபிட்டர் அண்ணன் ராடுகளைக் கழற்றியபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. ராடிலும் மூடியிலும் வழக்கமாக நம்பர் குத்தியிருக்கும். இதற்கு முன் எவனோ மூன்று இன்ஜின் சாமான்களைக் கலந்து போட்டிருந்தான். இரண்டு ராடில் ஒரே நம்பர், மற்ற இரண்டில் எதுவும் இல்லை. அதனால் எது எதற்கு ஜோடி என்பது கழற்றிய ஆளுக்கு மட்டும்தான் தெரியும். போல்ட்டுகளும் இழுபட்டு நீண்டுபோயிருந்ததால் தூக்கிப் போட்டாயிற்று. புதியவை கிராங்கோடு வரவேண்டும். அதுவரை மூடியை ராடோடு சேர்த்து மாட்டி வைக்க வழியில்லை. பஞ்ச் உளி எடுத்து ஒவ்வொரு ஜோடியிலும் புள்ளி குத்தி வைக்கலாம் என்று அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆயுத பூஜை.

நைனாவுக்கு அதில் ஒரு கண்டிப்பு உண்டு. காலையிலேயே எல்லா ஆயுதத்தையும் சேகரித்துவிடுவார். கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடக்கூடாது. வருடம் முழுக்க நமக்கு உழைப்பவை, ஒரு நாளாவது ஓய்வு எடுக்கட்டும் என்பார். அன்றைக்குச் சுத்தியும் பஞ்ச் உளியும்தான் முதலில் போயின. நாலே நாலு ஜோடி, இரண்டு நிமிஷ வேலை என்று ஃபிட்டர் அண்ணன் கேட்டுப் பார்த்தார். நைனா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

ஃபிட்டர் அண்ணன் என்னிடம் சாக்பீஸ் கேட்டார். பள்ளியிலிருந்து நான் எடுத்து வந்தது பாவாடை முடிச்சில் இருந்தது, கொடுத்தேன். ராடுகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினார். மூடிகளைத் துடைத்து ஒவ்வொன்றின் முதுகிலும் அதே எண்ணை எழுதி, அதனதன் ராடுக்கு முன்னால் வைத்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பூஜைக்கு அவர் நிற்பதில்லை. மறுநாள் வந்து பொரி கடலை மட்டும் வாங்கிக்கொள்வார். நாங்களும் டிசம்பரில் அவர் கொண்டுவரும் கேக்கை அப்படித்தான் சாப்பிட்டோம்.

ஷெட்டைக் கழுவிக் கோலம் போடுவது என் பொறுப்பு. அம்மா வீட்டில் சுண்டல் வேலையாக இருந்தார். நைனா பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். நான் தரையைத் தேய்த்தேன், ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கினேன். அப்புறம் அந்த நாலு மூடிகள் கண்ணில் பட்டன. மற்ற எல்லாம் பளபளக்கும்போது அவை மட்டும் ஓரங்களில் கறுத்துக் கிடந்தன. நாலையும் எடுத்து மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்தேன். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். துணியில் துடைத்துப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தன. அதற்குப் பிறகுதான் எண்கள் போய்விட்டது தெரிந்தது.

நீங்கள் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லுவீர்கள். கெட்டிக்காரி செய்ததைக் கேளுங்கள். ராடுகளில் எண்கள் அப்படியே இருந்தன. தட்டில் மூடிகளை எந்த வரிசையில் போட்டேன் என்று யோசித்தேன். இடமிருந்து வலமாகத்தான் போட்டிருப்பேன் என்று முடிவு செய்தேன். மீதிச் சாக்பீஸை எடுத்து, அண்ணன் எழுதுவது போலவே கொஞ்சம் சாய்த்து, நாலிலும் எண்ணை எழுதினேன். இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓரமாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். நைனா வந்து ஷெட்டைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய், பாப்பா ஜோராகச் செய்திருக்கிறது என்று சொன்னார். அவர் பாராட்டுவது அபூர்வம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எண்களைப் பற்றிய கவலையே போய்விட்டது.

மறுநாள் காலை, ஃபிட்டர் அண்ணன் முதல் வேலையாகப் பஞ்ச் உளியையும் சுத்தியையும் எடுத்து, சாக்பீஸ் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி குத்தினார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. விஜயதசமி, பள்ளி லீவு. நான் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். டிக், டிக் என்று அந்தச் சத்தம் ரோடு வரை கேட்டது. என் பிழை அப்போதுதான் இரும்பில் பதிந்தது.

கிராங்கும் புது பேரிங்கும் போல்ட்டும் வந்த நாள் சனிக்கிழமை, அதனால் நான் ஷெட்டில் இருந்தேன். ஃபிட்டர் அண்ணனுக்கு ஒரு சோதனை முறை உண்டு. இன்ஜினில் ஏற்றுவதற்கு முன் கிராங்கை பெஞ்சில் கிடத்தி, ஒவ்வொரு ராடாக அதில் மாட்டுவார். பேரிங்கில் விரலால் ஆயில் தடவி, மூடி போட்டு இறுக்குவார். பிறகு ராடைக் கிடைமட்டமாகத் தூக்கி விட்டுவிடுவார். அது தன் எடையில் மெல்ல, தூக்கம் வந்த குழந்தையின் தலை மாதிரி, கீழே சாய வேண்டும். சட்டென்று விழுந்தால் லூஸ். விழாமல் நின்றால் டைட். முதல் ராடு அழகாக இறங்கியது. நாலாவதும் இறங்கியது. இரண்டும் மூன்றும் விட்ட இடத்திலேயே நின்றன.

அவர் மூன்றாவது ராடும் மூடியும் சேரும் கோட்டில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தால் நகம் தடையில்லாமல் ஓட வேண்டும்.

"நகம் தட்டுது மேஸ்திரி. இன்னாவோ சரியில்ல. இன்னொருக்கா எல்லாத்தையும் அவுத்துப் பாத்துடலாம்."

நைனா கிட்டே வந்து தடவிப் பார்த்தார். டயர் மேல் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர் சாவி சுற்றுவதை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு நடுவில் நாலு நாள்தான் இருந்தது.

"மூணு இன்ஜின் சாமானு, தட்டத்தான் தட்டும். புது பேரிங்குன்னா டைட்டாத்தான் இருக்கும், ஓட ஓட செட்டாயிடும். ஏத்துப்பா" என்றார் நைனா.

ஃபிட்டர் அண்ணன் மூடியை இன்னொரு தரம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஏற்றினார். அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் மூன்றும் நின்றதைப் பார்த்தவுடனே மண்ணெண்ணெய்த் தட்டுதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. புரிந்துதான் இருந்தது.

கல்யாணக் கோஷ்டியோடு போன டாக்சி ஊத்துக்கோட்டையைத் தாண்டி நின்றுவிட்டது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. மூன்றாவது ராடு முறிந்து, இன்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நல்ல வேளையாக யாருக்கும் அடியில்லை. மணப்பெண்ணும் அவள் வீட்டாரும் சீர்வரிசைத் தட்டுகளோடு நெல் லாரியில் ஏறி, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தார்களாம். டாக்சிக்காரர் அதற்குப் பிறகு டாக்சி ஓட்டவில்லை. புதிதாக வந்துகொண்டிருந்த ஃபேக்டரிகளில் ஒன்றுக்கு வாட்ச்மேனாகப் போனார். சாவியை மட்டும் கடைசிவரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், அது ஃபேக்டரி கேட் சாவி.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து இன்ஜினைப் பிரித்தார்கள். அன்றைக்கு நான் நைனாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போயிருந்தேன். கருகின ஆயில் வாடை ரோட்டிலேயே அடித்தது. மூன்றாவது பேரிங் உருகி, ஈயத்தகடு மாதிரி சுருண்டிருந்தது. நைனா பிழைத்திருந்த மூடிகளை எடுத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்று புள்ளி குத்திய மூடி இரண்டாவது ராடில் போய் உட்கார்ந்தது. நகத்தை வைத்து இழுத்தார். தட்டவில்லை. ஜோடி மாறியிருந்தது எல்லோருக்கும் வெளிச்சமாகிவிட்டது.

நைனா சத்தம் போடுகிற ஆள் இல்லை. மூடியை ஃபிட்டர் அண்ணன் முன்னால் வைத்தார்.

"நான் கரெக்டாதான் எழுதனேன் மேஸ்திரி" என்றார் அவர்.

"அப்போ இன்னா, சாமி எறங்கி வந்து மாத்தி எழுதிட்டு போச்சா?"

ஃபிட்டர் அண்ணன் அந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நான் தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவருக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் சின்னக் குரலில், "கரெக்டா எழுதனேன்னுதான் நெனச்சிக்கினு கீறேன்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் டீச்சராக இருந்த பிறகு தெரிகிறது. சரியான விடை எழுதிய பிள்ளையை, நிஜமாகவா என்று இரண்டு தரம் கேட்டால், மூன்றாவது தரம் அதுவே அழித்துவிடும். நானே அப்படிப் பலரை அழிக்க வைத்திருக்கிறேன்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அம்மா, பூஜையில் நிற்காத ஆள், மனசு ஒட்டாமல் செய்திருப்பான் என்றார். நைனா மோர் ஊற்றச் சொன்னார். அம்மா கெட்டவர் இல்லை, அந்த அண்ணனுக்கு எத்தனையோ நாள் சோறு போட்டவர்தான். இருந்தும் அந்தப் பேச்சு ஊரில் பரவி நிலைத்துவிட்டது. ஒரு வாரத்தில் ஃபிட்டர் அண்ணன் வேலையை விட்டு நின்றார். ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நைனா அவரைப் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவருடைய காக்கிச் சட்டை ஷெட் ஆணியில் ரொம்ப நாள் தொங்கியது. அப்புறம் துடைக்கிற துணியாகி, எங்கோ போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். பிறகு, பழசாகிவிட்டதே என்ற சமாதானம். சமாதானம் வசதியாக இருந்தது, அதனால் அதிலேயே இருந்துவிட்டேன். நைனா கடைசியாகப் படுத்திருந்தபோது, கூரையைப் பார்த்துக்கொண்டு, "அவன் அன்னிக்கு இன்னொருக்கா அவுக்கலாம்னு சொன்னான்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் தன் பங்கை இத்தனை வருடம் தனியாகச் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே குற்றத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, மற்றவருக்குக் காட்டாமல் இருந்திருக்கிறோம். அப்போதும் நான் என் பாதியை அவரிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இனி போன தை மாதத்துக் கல்யாணம். ஃபேனுக்குக் கீழே இருந்த பெரியவர் ஃபிட்டர் அண்ணன்தான். பெண் வீட்டுப் பக்கம், மணப்பெண்ணின் சின்னத் தாத்தா. அவர்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தார். என் முகம் அப்படியே நைனா முகமாக மாறிவிட்டதாம். "பாப்பா, மேஸ்திரி பொண்ணுதானே நீ" என்றார். அறுபதை எட்டப்போகிற பாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நைனாவைப் பற்றி நல்லதாகவே பேசினார். தொழில் கற்றதெல்லாம் அவரிடம்தான் என்றார். ஃபேக்டரியில் செக்கிங் பிரிவிலேயே இருந்து ரிட்டயர் ஆனாராம். எதையும் ஒரு தரம் பார்த்துவிட்டு விடமாட்டாராம். எழுதியதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாராம், கூட இருப்பவனை ஒரு தரம் படிக்கச் சொல்லுவாராம். அங்கே எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டு தபா'. அதைச் சொல்லி அவரே சிரித்தார். சொந்தமாக ஷெட் போடவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

ஆரணியில் இடம் பார்த்து, போர்டுகூட எழுதி வைத்தாராம். திறக்கவில்லை. "கைய நம்ப முடியல பாப்பா. நாலு நம்பர ஒழுங்கா எழுதத் தெரியாத கை. மேஸ்திரி மேல தப்பே இல்ல, நான்தான் மாத்தி எழுதிட்டேன். கல்யாணப் பொண்ணு போற வண்டி, யாருனா செத்திருந்தா?" என்றார். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. தன் ரத்த அழுத்தத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் சொல்லிவிட்டேன். மண்ணெண்ணெய்த் தட்டு, பிரஷ், மீதிச் சாக்பீஸ், சாய்த்து எழுதியது எல்லாம். பந்தியில் ஐஸ்கிரீம் கப்போடு ஒரு பையன் வந்து நின்றான், அவனைப் போகச் சொன்னேன். பெரியவர் இலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அப்போ நான் கரெக்டாதான் எழுதிக்கீறேன்" என்றார்.

பிறகு எழுந்து நின்றார். இரண்டு வரிசை தள்ளி உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த தன் மனைவியைக் கை காட்டிக் கூப்பிட்டார். கூட்டத்தில் காது கேட்காமல் அந்த அம்மாள் பக்கத்தில் வந்தார். எனக்கு அவரைத் தெரியாது. இவர்கள் கல்யாணமே ஃபிட்டர் அண்ணன் எங்கள் ஷெட்டை விட்டுப் போய் ஆறு வருடம் கழித்து நடந்ததாம்.

"இந்தாம்மே, நான் அன்னிக்கு கரெக்டாதான் எழுதிக்கீறேன். இந்தப் பாப்பா சொல்லுது" என்றார் அவர்.

எந்த அன்றைக்கு, எதை எழுதினீர்கள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூணாம் நம்பரா?" என்று கேட்டார்.